பிணத்துக்கும் பின்வாசல்!

"பொறுத்துக்கொள்ளப்பா! உயிர் இருக்கும் வரைதான் இந்த ஏற்றத்தாழ்வு. ஆறடி நிலத்திலே போய்ப் படுத்துவிட்டால் ஆண்டானும் ஒன்று, அடிமையும் ஒன்று!" — ஏழையைத் தூங்க வைக்க எத்தர்கள் பாடும் தாலாட்டு இது. இருக்கும்போது தர மறுத்த சமத்துவத்தைச் செத்த பிறகு தருவதாகச் சொல்லும் அந்தத் தாராள மனத்தை என்னென்பது! சரி, அதையாவது தந்தார்களா? செத்தவனுக்காவது முன்வாசல் திறந்தார்களா?

தோழர்களே! அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே ஜார்ஜியா என்றொரு மாநிலம். அதிலே ஃபுல்டன் என்றொரு கவுண்டி. நம் மாவட்டம் போன்றதொரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1853 இல் அமைந்தது. அதன் தலைநகர் அட்லாண்டா. மாநிலத்துக்கும் அதுவே தலைநகர். எனவே அந்த மண்ணிலே அரசியல்வாதிகளுக்குப் பஞ்சமில்லை. அரசியல்வாதிகளின் கல்லறைகளுக்கும் பஞ்சமில்லை. கவர்னர்கள், மேயர்கள், செனட்டர்கள், சட்டமன்றத்திலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டவர்கள் — அத்தனை பேரும் அங்கே உறங்குகிறார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று மட்டும் பாருங்கள். அந்த மாநிலத்தின் வாக்காளர் பட்டியலையே படித்தது போல் இருக்கும்!

முதலிலே ஓக்லாண்டு இடுகாடு. 1850 இல் 6 ஏக்கரில் தொடங்கிய நகரத்து இடுகாடு. இன்று 48 ஏக்கர். 70,000 பேர் அளவுக்கு அங்கே அடக்கம். ஓங்கி வளர்ந்த மரங்கள், பளிங்குத் தேவதைகள், மாளிகை போன்ற குடும்பக் கல்லறைகள். 6 கவர்னர்கள் அங்கே, 20க்கும் மேற்பட்ட மேயர்கள் அங்கே. அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்டு மாண்ட சிப்பாய்கள் மட்டும் ஏறத்தாழ 6,900 பேர். அவர்களுக்கென்று 1894 இல் பளிங்கிலே ஒரு சிங்கம் செய்து வைத்தனர். அடிபட்டுச் சாகும் சிங்கம்! அடிமையை வைத்துக்கொள்ளும் உரிமைக்காகச் சண்டையிட்டவன் சிங்கமாம்! 127 ஆண்டுகள் படுத்திருந்த அந்தச் சிங்கத்தை 2021 இல்தான் கிரேன் வைத்துத் தூக்கினார்கள்.

சிங்கம் இருந்த இடத்தைப் பார்த்தாயிற்று. அடிமை இருந்த இடம் எது?

இடுகாட்டின் பின்புறம். 1852 இலேயே நகரமன்றம் ஆணையிட்டு விட்டது, கறுப்பர் பிணம் பின்பகுதியிலே தனியாகப் புதைக்கப்படவேண்டும் என்று. அடிமைச் சதுக்கம் என்றே அந்த இடத்துக்குப் பெயர். கல் நாட்ட வசதியில்லாத மக்கள் மரப் பலகை நட்டார்கள், செடி வைத்தார்கள். பலகை மக்கிப் போயிற்று, செடி பட்டுப் போயிற்று, பெயரும் போயிற்று. அது கூடப் போகட்டும். நகரம் வளர்ந்தது, வெள்ளைக் குடும்பங்களுக்குக் கல்லறை நிலம் தேவைப்பட்டது. 1877 இல் நகரமன்றம் கூடியது, ஒரு முடிவு எடுத்தது: அடிமைச் சதுக்கத்திலே கிடக்கும் பிணங்களைத் தோண்டி எடு! கறுப்பு ஏழைகளின் பொதுக்குழிப் பக்கம் கொண்டுபோய்ப் போடு! காலியான நிலத்தை வெள்ளையருக்கு விற்றுவிடு!

ஆம், தோழர்களே! உயிரோடு இருந்தபோது ஏலத்திலே விற்கப்பட்டவனை, செத்து மண்ணான பிறகு குழியிலிருந்தும் வெளியேற்றினார்கள். குடிசையைக் காலி செய் என்று கேட்டிருக்கிறோம்; குழியைக் காலி செய் என்று கேட்டதுண்டா? சுடுகாட்டுப் பாதைக்காகத் தடியடி நடக்கும் ஊர்களைப் பார்த்தவன் நீ. உனக்கு இதற்குப் பதவுரை வேண்டாம்.

1877 என்ற ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதற்கு 7 ஆண்டு முன்னே, 1870 இல், அட்லாண்டா நகரமன்றத்துக்கு இரண்டு கறுப்பர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் வில்லியம் பிஞ்ச். தையற்காரர். அடிமையாகப் பிறந்தவர். ஊசி பிடித்த கையோடு மன்றத்துக்குள் நுழைந்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டவர். விடுவார்களா? வட்டம் வட்டமாக நடந்த தேர்தலை, நகரம் முழுவதும் சேர்ந்து வாக்களிக்கும் தேர்தலாக மாற்றினார்கள். கறுப்பர் அதிகம் வாழும் வட்டம் வெள்ளை வாக்குக் கடலிலே கரைந்தது. பிஞ்ச் 1871 இல் தோற்றார். அதன்பின் அந்த மன்றத்துக்கு அடுத்த கறுப்பு உறுப்பினர் எப்போது வந்தார் தெரியுமா? 1965 இல்! அந்த இடைக்காலத்திலேதான், ஒரு கறுப்பு முகம் கூட இல்லாத மன்றத்திலேதான், பிணங்களைத் தோண்டும் தீர்மானம் நிறைவேறியது. "கூடாது" என்று சொல்ல ஒரு கை உயரவில்லை. உயர்த்த வேண்டிய கையை ஆறு ஆண்டு முன்பே வெட்டியாயிற்றே! வட்ட எல்லையை மாற்றுவது சின்ன விஷயம், நமக்கென்ன என்று கூட்டத்துக்கு வராமல் வீட்டிலே இருந்துவிடும் தோழர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

இனி, யாரையும் தோண்டாமல் பத்திரமாகப் படுக்க வைத்திருக்கும் பெரிய மனிதர்களைப் பார்ப்போம்.

ஜோசப் பிரவுன் என்றொரு கனவான். 1857 முதல் 1865 வரை கவர்னர். அடிமை முறைக்காகப் பிரிந்துபோன ஜார்ஜியாவைப் போர்க்காலம் முழுவதும் ஆண்டவர். போரிலே தோற்றதும் என்ன ஆனார்? சிறைக்குப் போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். வென்ற கட்சியிலே சேர்ந்தார். தலைமை நீதிபதி ஆனார். காற்று திரும்பியதும் பழைய கட்சிக்கே திரும்பினார். 1880 இல் செனட்டர் ஆனார். சட்டையை மாற்றுவது போல் கட்சியை மாற்றும் வித்தையை இவரிடம் கற்கவேண்டும்! அவர் செனட்டரான கதையும் சுவையானதுதான். பதவியிலிருந்த ஜான் கார்டன் என்பவர் திடீரென்று விலகினார். விலகியவர் இரயில்வேக்குப் போனார். காலியான நாற்காலியிலே கவர்னர் பிரவுனை உட்கார வைத்தார். உள்ளுக்குள்ளே பேரம் நடந்தது என்று ஊரே பேசிற்று.

தொழிலாளத் தோழர்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டிய செய்தி இனிமேல்தான் இருக்கிறது. பிரவுனுக்கு நிலக்கரிச் சுரங்கம் உண்டு. சுரங்கத்துக்கு ஆள் வேண்டும். அடிமை முறைதான் ஒழிந்து போயிற்றே, என்ன செய்வது? ஜார்ஜியா அரசு 1868 முதல் கைதிகளைக் குத்தகைக்கு விட்டது. ஏரியைக் குத்தகைக்கு விடுவார்கள், புளியந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள். அங்கே மனிதனைக் குத்தகைக்கு விட்டார்கள்! வேலையில்லாமல் திரிந்தான் என்று பிடி, அற்பத் திருட்டு என்று பிடி, நீண்ட தண்டனை போடு, முதலாளியிடம் ஒப்படை! 20 ஆண்டுக் குத்தகை, 300 திடகாத்திரமான ஆட்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 சென்ட் — இதுதான் பிரவுன் அரசுக்குக் கட்டிய தொகை. கைதிக்குக் கூலி? ஒரு காசு கிடையாது. அடிமையை விலைகொடுத்து வாங்கியவனாவது, போட்ட முதல் போய்விடுமே என்று கஞ்சி ஊற்றுவான். குத்தகைக்காரனுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஒருவன் செத்தால் இன்னொருவன்!

பிரவுனுக்கு நாற்காலியைக் காலி செய்து கொடுத்த அதே கார்டனுக்கும் இந்தக் கைதிக் குத்தகையிலே பங்கு இருந்தது. அடிமைப் படையின் தளபதி அவர். போருக்குப் பின் முகமூடிக் கொலைகாரக் கும்பலாகிய கிளானுக்கு ஜார்ஜியாவிலே அவரே தலைவர் என்று பரவலாகச் சொல்லப்பட்டவர். செனட்டராகவும் கவர்னராகவும் கொலுவீற்றிருந்தார். 1904 இல் மாண்டார். சட்டமன்ற வளாகத்திலே குதிரை மீது அமர்ந்த சிலை அவருக்கு! பிரவுனுக்கும் சிலை, மனைவியோடு சேர்த்து. இருவர் கல்லறையும் ஓக்லாண்டிலே.

அதே ஓக்லாண்டிலே மேயர் ஜேம்ஸ் இங்கிலிஷ். 1881 முதல் 1883 வரை நகரத்தின் முதல் குடிமகன். சாட்டகூச்சி செங்கல் கம்பெனியின் சொந்தக்காரர். ஆற்றோரத்திலே சூளை, சூளையிலே குத்தகைக் கைதிகள், பெரும்பாலும் கறுப்பர்கள், கொதிக்கும் கல்லை ஓட்டமும் நடையுமாகச் சுமக்கவேண்டும், நின்றால் சவுக்கடி. அட்லாண்டாவின் வீடுகளும் வீதிகளும் அந்தச் செங்கல்லால் எழுந்தவை. முதலாளி எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்டால் வழிகாட்டி கூட்டிப்போய்க் காட்டுவார். சூளையிலே மாண்டவன் எங்கே? அவனுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. சூளை இருந்த நிலத்தை 2022 இல்தான் நகராட்சி வாங்கியது, நினைவிடமும் பூங்காவும் அமைக்க.

இந்த இடுகாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிலே பலர் 'கான் வித் த விண்ட்' கதை எழுதிய அம்மையாரின் கல்லறையைத்தான் முதலில் தேடுகிறார்களாம். தேடட்டும். அடிமைகளெல்லாம் எஜமானி வீட்டிலே சிரித்துக்கொண்டே வேலை செய்ததாகக் கதை எழுதினால் உலகப் புகழ் கிடைக்கத்தான் செய்யும்!

இப்போது நகரத்தின் தென்புறம் வாருங்கள். சவுத்-வியூ இடுகாடு. இதைக் கவர்னர் கட்டவில்லை, கனவான்கள் கட்டவில்லை. 1886 இல் விடுதலை பெற்ற அடிமைகள் சிலர் கூடினார்கள். அவர்கள் வாய்வழியே வந்த வரலாறு இது: வெள்ளையர் இடுகாட்டிலே எங்கள் சவம் பின்வாசல் வழியே போகவேண்டும், சேற்றையும் சகதியையும் மிதித்துப் போகவேண்டும், மழை கொட்டினாலும் தேவாலயத்துக்குள்ளே இடமில்லை, நனைந்துகொண்டே பிரார்த்தனை செய்யவேண்டும். போதும் இந்த இழிவு என்று எழுந்தார்கள். கெஞ்சவில்லை, கையேந்தவில்லை. தாங்களே பங்கு போட்டு ஒரு கம்பெனி பதிவு செய்தார்கள், நிலம் வாங்கினார்கள், முன்வாசல் வைத்தார்கள்! இன்று அங்கே 80,000 பேருக்கு மேல் உறங்குகிறார்கள்.

அவர்களிலே ஒருவர்தான் ஹென்றி மக்நீல் டர்னர். இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1834 இல் பிறந்தவர். கறுப்பர் படைப்பிரிவிலே போதகராகப் போர்க்களம் கண்டவர். 1868 இல் ஜார்ஜியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரோடு முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர்கள் அந்த மன்றத்துக்கு வந்தனர். செப்டம்பர் மாதம். வெள்ளை உறுப்பினர்கள் எழுந்தார்கள்: "கறுப்பனுக்கு வாக்களிக்க உரிமை உண்டு என்றுதான் அரசியல் சட்டம் சொல்லுகிறது, பதவி வகிக்க உரிமை உண்டு என்று எங்கே சொல்லுகிறது?" என்ற வாதத்தை வைத்தார்கள். ஆகா, என்ன சட்ட ஞானம்! ஓட்டுப் போடலாம், உட்காரக் கூடாதாம்! கன்று போடலாம், பால் கறந்தால் மட்டும் நாங்கள் என்பது போல!

டர்னர் எழுந்து பேசினார். எங்கள் உரிமைக்காக உங்கள் காலடியில் விழுந்து கெஞ்சப் போவதில்லை, உரிமையைக் கேட்கவே வந்திருக்கிறேன் என்ற பொருளிலே முழங்கினார். நானும் மனிதன்தானா என்ற கேள்வியையா இந்த மன்றம் விவாதிக்கிறது என்று கேட்டார். பேசி முடித்தார், வெளியே தள்ளினார்கள். மத்திய அரசு தலையிட்ட பிறகு 1870 இல் திரும்ப அமர்த்தப்பட்டனர்; அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னாளிலே டர்னர் பிஷப் ஆனார். இந்த நாடு நமக்கு நாடாக இராது, ஆப்பிரிக்காவுக்கே போவோம் வாருங்கள் என்று கூட அழைத்தார். எத்தனை மனம் புண்பட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்! 1915 இல் கனடாவிலே உயிர் பிரிந்தது. உடல் வந்து சேர்ந்தது சவுத்-வியூவுக்கு. தள்ளப்பட்டவர்களுக்கும் சட்டமன்ற வளாகத்திலே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வைத்தது 1978 இல். கார்டனின் குதிரைக்கு 1907 இலேயே பீடம் கிடைத்துவிட்டது. இவர்களுக்கு மேலும் 71 ஆண்டு!

அதற்குப் பின் அட்லாண்டாவிலே ஆண்ட இன்னொரு பெரிய மனிதர் ஹோக் ஸ்மித். பத்திரிகை முதலாளியாக இருந்தவர். 1906 இல் கவர்னர் பதவிக்கு நின்றார். எதிர்த்து நின்றவரும் பத்திரிகைக்காரர். இருவருக்கும் ஒரே போட்டி: கறுப்பனின் வாக்கைப் பறிப்பதிலே யார் கெட்டிக்காரர் என்பது! ஏடுகள் நஞ்சைக் கக்கின, பெண்களைத் தாக்கினார்கள் என்று பொய்யும் புரட்டுமாகத் தலைப்புகள் வந்தன. செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு வெறிக் கும்பல் தெருவிலே இறங்கிற்று. கிடைத்த கறுப்பரையெல்லாம் அடித்துக் கொன்றது. குறைந்தது 25 பேர் என்கிறது வரலாறு. மாண்டவர்களிலே சிலர் சவுத்-வியூவிலே புதைக்கப்பட்டனர். ஸ்மித்தோ கவர்னர் ஆனார். 1908 இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் வாக்கு. இல்லையேல் 40 ஏக்கர் நிலமாவது 500 டாலர் சொத்தாவது வேண்டும். அதுவும் இல்லையென்றால் உன் பாட்டன் போர்வீரனாக இருந்திருக்கவேண்டும்! வெள்ளை ஏழைக்குப் பாட்டன் வந்து கைகொடுத்தான். கறுப்பனின் பாட்டன் அடிமையாயிற்றே! 1931 இல் ஸ்மித் மாண்டார். ஓக்லாண்டிலே உறக்கம். அவருடைய தேர்தல் மேடையால் மாண்டவர்கள் சவுத்-வியூவிலே. ஒரே கவுண்டி, இரண்டு இடுகாடு.

இன்னொரு சூழ்ச்சியும் சொல்லி விடுகிறேன், தேர்தல் வேலை செய்யும் தோழர்களுக்காக. அந்த மாநிலத்தின் 159 கவுண்டிகளுக்கும் உட்கட்சித் தேர்தலிலே புள்ளி கொடுத்தார்கள். மிகச் சிறிய கவுண்டிக்கு 2 புள்ளி. இலட்சக்கணக்கான மக்கள் வாழும் ஃபுல்டனுக்கு 6 புள்ளி. மூன்று பட்டிக்காட்டுப் பண்ணையார்கள் கூடினால் அட்லாண்டா முழுவதும் செல்லாக்காசு! ஃபுல்டன் வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டு, 1963 இல் உச்சநீதிமன்றம் அதை ஒழித்தது.

ஒழிந்ததா வெறி? 1964 ஜூலை 2 இல் குடியுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. மறுநாள் அட்லாண்டாவிலே ஓர் ஓட்டலுக்குச் சாப்பிட வந்தனர் கறுப்பர்கள். ஓட்டல்காரர் துப்பாக்கியோடு வந்து விரட்டினார். கூட இருந்தவர்கள் கையிலே கோடரிக் காம்பு. அவர் பெயர் லெஸ்டர் மாடக்ஸ். 1961 இல் மேயர் தேர்தலிலே ஐவன் ஆலன் என்பவரிடம் தோற்றவர். ஆலனும் வெள்ளையர்தான், ஆனால் பதவி ஏற்ற அன்றே நகரமன்றக் கட்டடத்திலே வெள்ளையருக்கு, கறுப்பருக்கு என்று மாட்டியிருந்த பலகைகளைக் கழற்றச் சொன்னவர். நகரம் ஆலனைத் தேர்ந்தது. மாநிலமோ 1966 இல் மாடக்சைப் பிடித்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அதிக வாக்கு வாங்கியவரை விட்டுவிட்டுச் சட்டமன்றமே மாடக்சைக் கவர்னராக்கியது. துப்பாக்கி பிடித்த கைக்கு ஆட்சி முத்திரை!

1968 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் மெம்பிசிலே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்திலே! ஏப்ரல் 9 இல் அட்லாண்டாவிலே இறுதி ஊர்வலம். இரண்டு கோவேறு கழுதைகள் இழுத்த பண்ணை வண்டியிலே அந்த உடல் சென்றது. உலகமே அழுதது. கவர்னர் மாடக்ஸ் என்ன செய்தார்? மாநில மரியாதை கிடையாது என்றார். சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி ஆயுதப் போலீசை நிறுத்தினார். பிணத்தைக் கண்டும் பயம்! கிங்கின் உடல் சவுத்-வியூவிலே அடக்கமாயிற்று. 1970 இல் அவருடைய எபனேசர் ஆலயத்துக்கு அருகே மாற்றப்பட்டது. 2006 இல் அவருடைய துணைவியார் கொரெட்டா மறைந்தார். அவருடைய உடல் எங்கே வைக்கப்பட்டது தெரியுமா? 38 ஆண்டு முன்பு போலீஸ் காவல் நின்ற அதே சட்டமன்ற மாளிகையிலே! அங்கே அந்த மரியாதை பெற்ற முதல் பெண்மணி அவர், முதல் கறுப்பரும் அவரே. இடையிலே நடந்தது என்ன? மாளிகையின் கல்லுக்கு மனம் இளகிற்றா? இல்லை. 1965 இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. வாக்குள்ளவன் வீட்டுச் சாவுக்கு எல்லோரும் வருவார்கள்!

அந்த வாக்குதான் 1973 இல் மேனார்ட் ஜாக்சனை அட்லாண்டாவின் முதல் கறுப்பு மேயராக்கியது. நகராட்சி ஒப்பந்தங்களிலே கறுப்பர் பங்கு ஒரு விழுக்காட்டைக் கூட எட்டாமல் கிடந்த ஊரிலே, விமான நிலையம் கட்டும் வேலையிலே நான்கில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று வற்புறுத்தி நிறைவேற்றியவர். 2003 ஜூன் 23 இல் மறைந்தார். ஓக்லாண்டிலே அடக்கம். பின்புறத்துக் கறுப்பர் பகுதியிலே அல்ல. எந்த இடுகாட்டிலே நகரமன்ற ஆணையால் கறுப்புப் பிணம் தோண்டி எறியப்பட்டதோ, அதே இடுகாட்டிலே நகரமன்றத்தின் மரியாதையோடு கறுப்பு மேயர் படுத்தார்.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு நகர எனக்கு மனமில்லை. தொழிலாளி படிக்கும் ஏடு இது. 1970 இல் துணை மேயராக இருந்தபோது துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆதரித்துப் பேசியவர் ஜாக்சன். 1977 இல் அதே தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு நின்றார்கள். மேயர் நாற்காலியிலே இருந்த ஜாக்சன் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார்! பெரும்பாலும் கறுப்பர்கள், அவருக்கு வாக்களித்தவர்கள். கிங் உயிரைக் கொடுத்தது எவருக்காகவோ அதே தொழில் செய்பவர்கள். நகராட்சிக் கஜானாவிலே பணமில்லை என்றார்; மெய்யாகவே இருக்கலாம். ஆனால் விமான நிலைய ஒப்பந்தக்காரனுக்குக் காட்டிய பிடிவாதத்திலே பத்திலொரு பங்கைக் குப்பை வண்டிக்காரனுக்காகவும் காட்டியிருக்கலாம். நம்மவன் நாற்காலியிலே உட்கார்ந்துவிட்டால் போதும், நாம் போய்த் தூங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தொள்ளாயிரம் பேர் பதில் சொல்லட்டும்.

ஜாக்சன் மறைந்த இரண்டாம் நாள், ஜூன் 25 இல், மாடக்ஸ் மறைந்தார். ஜூலை 2 இல் ஐவன் ஆலன் மறைந்தார். பத்தே நாளில் மூவர்! மாடக்ஸ் அடங்கியது அதே ஃபுல்டனின் வடபுறத்திலே, சாண்டி ஸ்பிரிங்ஸ் இடுகாட்டிலே. அவர் ஆட்சியிலே முன்னைய கவர்னர்களை விட அதிகமாகக் கறுப்பர்களுக்கு அரசுப் பதவி கொடுத்தார் என்பதும் உண்மை, எழுதித்தான் ஆகவேண்டும். கோடரிக் காம்புக்காக வருந்துவதாகக் கடைசி வரை சொல்லவில்லை என்பதும் உண்மை.

ஜூலியன் பாண்ட் என்ற இளைஞரை மட்டும் எந்த இடுகாட்டிலும் தேடாதீர்கள். வியட்நாம் போரை எதிர்த்தார் என்று 1966 ஜனவரியிலே அவரைச் சட்டமன்றத்திலே உட்காரவிடாமல் தடுத்தனர். 98 ஆண்டுக்குப் பிறகும் டர்னருக்குச் செய்ததே! அந்த ஆண்டு டிசம்பரிலே உச்சநீதிமன்றம் ஒருமனதாக அவரை உள்ளே அனுப்பியது. 2015 இல் மறைந்தபோது சாம்பல் கடலிலே கரைக்கப்பட்டது.

அவருடைய தோழர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7 இல் செல்மா பாலத்திலே வாக்குரிமை கேட்டு நடந்தபோது போலீஸ் தடியால் மண்டை உடைந்தவர். 1987 முதல் சாகும் வரை அட்லாண்டாவின் சார்பிலே பாராளுமன்றத்திலே இருந்தவர். 2020 ஜூலை 17 இல் மறைந்தார். ஜார்ஜியா சட்டமன்ற மாளிகையிலே அவர் உடல் வைக்கப்பட்டது. வெளியே கார்டன் குதிரை மீது இருந்தபடியே இருந்தார். ஜூலை 30 இல் எபனேசர் ஆலயத்திலே இரங்கல் கூட்டம். பிறகு சவுத்-வியூ, மனைவி லில்லியனுக்குப் பக்கத்திலே, டர்னர் துயிலும் அதே மண்ணிலே. ஓக்லாண்டின் முன்வரிசையே இன்று கிடைக்கும். ஆனாலும் பின்வாசலை மறுத்து எழுந்தவர்களின் இடுகாட்டுக்கே போனார்.

அவர் மறைந்து ஆறு மாதத்திலே, 2021 ஜனவரியிலே, அதே எபனேசர் ஆலயத்தின் போதகர் ஜார்ஜியாவின் முதல் கறுப்புச் செனட்டராக வென்றார். இரண்டே மாதம்! மார்ச் 25 இல் ஜார்ஜியா சட்டமன்றம் புதிய தேர்தல் சட்டம் கொண்டுவந்தது. தபால் வாக்குக்குப் புதிய கெடுபிடி. வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்குள்ளே, வரிசையிலே மணிக்கணக்காக நிற்பவனுக்கு யாரும் தண்ணீர் கொடுத்தால் குற்றம்! மறைவாகக் கையெழுத்து நடக்கும் அறைக் கதவைத் தட்டிய கறுப்புப் பெண் உறுப்பினர் ஒருவரைக் கைது செய்து இழுத்துப் போனார்கள். பின்னர் வழக்கு நடத்தவில்லை. முன்பு இப்படி ஒரு சட்டம் வந்தால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 1965 சட்டத்தின் பல் அதுதான். அந்தப் பல்லை 2013 இலேயே உச்சநீதிமன்றம் பிடுங்கிவிட்டது.

பல்லைத் திரும்பக் கட்ட ஒரு மசோதா எழுதினார்கள். ஜான் லூயிஸ் பெயரையே வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் கீழ்ச்சபையிலே நிறைவேறியது. செனட்டிலே, விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டு 2022 ஜனவரியிலே அதை முடக்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலே ஃபுல்டன் வாக்காளர், 150 அடி சட்டம் அமலில் இருக்கையிலேயே, வரிசையிலே போய் நின்றார்கள்.